ஒரே விபத்து, இரண்டு அறிக்கைகள்: நம் வானத்தை யார் கண்காணிக்கிறார்கள்?

[காட்சி: வெள்ளவத்தைக் கடற்கரை, இருட்டும் நேரம். ரயில் பாதையைத் தாண்டி, கடலுக்கு மேலே நகரும் ஒரு விமானத்தின் விளக்கு.]

வணக்கம். மாலையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடக்கிறவர்களுக்கு இந்த விளக்கு பழகியதுதான். சென்னைக்குப் போய்த் திரும்புகிற ஒரு அக்கா, டுபாயிலிருந்து லீவில் வருகிற ஒரு மகன், யாராவது அதற்குள் இருப்பார்கள். கட்டுநாயக்கவில் வீட்டார் வேன் பிடித்துக்கொண்டு வந்து காத்திருப்பார்கள்.

அந்த விமானிக்கு ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்: இத்தனை அடிக்கு இறங்கு, இந்தப் பக்கம் திரும்பு, இந்த வேகத்தில் வா. அவர்தான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர். அவர் எத்தனை மணி நேரமாக அந்தக் கதிரையில் இருக்கிறார்? அவர் முன்னால் இருக்கிற கருவி சரியாக வேலை செய்கிறதா? அதை யார் பார்க்கிறார்கள்? பிழை நடந்தால் யார் விசாரிப்பார்கள்? கடைசி இரண்டு கேள்விகளும் என்னைப் பல வருஷமாகத் தூங்கவிடாத கேள்விகள். இந்த வீடியோ அவற்றைப் பற்றித்தான்.

[காட்சி: கட்டுநாயக்க ஓடுபாதையின் வரைபடம். தென்மேற்கு முனையை நோக்கி ஒரு அம்புக்குறி.]

1978 நவம்பர் 15. ஹஜ் கடமையை முடித்துவிட்டு, ஜெத்தாவிலிருந்து இந்தோனேசியாவின் சுரபாயாவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த யாத்திரிகர்கள். ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்றின் டிசி-8 விமானம். வழியில் எரிபொருள் நிரப்பக் கட்டுநாயக்கவில் இறங்க வருகிறது. நள்ளிரவுக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, ஓடுபாதையை எட்டுவதற்கு முன்பே தென்னந்தோப்புக்குள் விழுந்தது. உள்ளே இருந்த 262 பேரில் 183 பேர் இறந்துபோனார்கள்.

விசாரணை நடந்தது. இலங்கை அதிகாரிகள் எழுதிய முடிவு இது: இறங்கும்போது பின்பற்ற வேண்டிய நடைமுறையை விமானிகள் பின்பற்றவில்லை, உயரத்தையும் இறங்கும் வேகத்தையும் கருவிகளில் சரிபார்க்கவில்லை.

ஐஸ்லாந்துத் தரப்பு வேறு விதமாக எழுதியது. விமான நிலையத்தின் ஐ.எல்.எஸ். கருவி பிழையாக இருந்தது, ராடார் பார்த்து வழிகாட்டிய கட்டுப்பாட்டாளர் கொடுத்த தகவல்களும் துல்லியமாக இல்லை என்றது.

ஐ.எல்.எஸ். என்றால் என்ன? ஓடுபாதைக்குப் பக்கத்திலிருந்து இரண்டு ரேடியோ அலைக் கற்றைகள் வானத்தை நோக்கிப் போகும். ஒன்று, நீ இடப்பக்கம் விலகியிருக்கிறாயா வலப்பக்கம் விலகியிருக்கிறாயா என்று காட்டும். மற்றது, எந்தச் சரிவில் இறங்கினால் ஓடுபாதையின் தொடக்கத்தில் சக்கரம் படும் என்று காட்டும். மழை இருட்டில் எதுவும் தெரியாதபோது விமானி அந்த ஊசியைத்தான் நம்புகிறார். அந்தச் சரிவுக் கற்றை வளைந்துபோனால், ஊசி நடுவில் நிற்கும்போதே விமானம் இருக்கவேண்டிய உயரத்துக்குக் கீழே போய்விடலாம்.

இரண்டு அறிக்கைகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. பெரிய விபத்துகளில் காரணம் ஒன்றாக இருப்பது அரிது. இரண்டு பக்கமும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கலாம். என் மனதில் முள்ளாகக் குத்துவது வேறு. அந்தக் காலத்தில் விமான நிலையத்தை நடத்தியது சிவில் விமானத் திணைக்களம். ஐ.எல்.எஸ். கருவியைப் பராமரித்ததும், கட்டுப்பாட்டாளரை அந்தக் கதிரையில் உட்காரவைத்ததும், விதிகளை வகுத்ததும் அரசுதான். எங்கே பிழை என்று சொல்லவேண்டிய இடத்திலும் அதே அரசு. விசாரித்தவர்கள் பொய் எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. மனச்சாட்சியோடு எழுதியிருக்கலாம். ஆனால் சுரபாயாவில் தாயைப் பறிகொடுத்த ஒரு பிள்ளைக்கு அந்த அறிக்கையை நம்பச் சொல்ல நம்மிடம் என்ன இருக்கிறது?

இதற்கு நான்கு வருஷத்துக்கு முன், 1974 டிசம்பர் 4 அன்று, மஸ்கெலியாப் பக்கம் சப்தகன்னி மலையில் இன்னொரு டிசி-8 மோதி 191 பேர் இறந்தார்கள். அதுவும் ஹஜ் யாத்திரிகர்களின் விமானம்தான், சுரபாயாவிலிருந்து போனது. தாங்கள் கட்டுநாயக்கவுக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று தவறாக நினைத்து விமானிகள் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். மலைநாட்டில் வளர்ந்தவர்கள் அந்த இரவைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இலங்கை மண்ணில் நடந்த விமான விபத்துகளில் மிகப் பெரியது அது.

[காட்சி: 1983, 2002, 2010 என்ற மூன்று ஆண்டுகள் திரையில் ஒவ்வொன்றாக வருகின்றன.]

சரி, அதற்குப் பிறகு ஒன்றும் மாறவில்லையா? மாறியிருக்கிறது. 1983-இல் விமான நிலையங்களையும் வான்வழிக் கட்டுப்பாட்டையும் நடத்துவதற்கென்று ஒரு தனி நிறுவனம் வந்தது. 2002-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்கச் சட்டம் சிவில் விமான சேவைகள் அதிகார சபையை உருவாக்கியது. 2010-இல் புதிய சிவில் விமானச் சட்டம் வந்தது. ஆக, நடத்துகிறவர் ஒருவர், மேற்பார்வை செய்கிறவர் இன்னொருவர் என்று காகிதத்தில் பிரிந்துவிட்டது. இது நல்ல முன்னேற்றம், இதை மறுக்கக் கூடாது.

ஆனால் மேலே போய்ப் பாருங்கள். நடத்துகிற நிறுவனம் முழுக்க அரசுடையது. மேற்பார்வை செய்கிற அதிகார சபையும் அரசுடையது. இரண்டும் ஒரே அமைச்சரின் கீழே வருகின்றன. தேசிய விமான சேவையும் அரசின் கையில்தான். ஒரு காலத்தில் டெஸ்ட் கிரிக்கெட்டில் இரண்டு நடுவர்களுமே போட்டி நடக்கிற நாட்டுக்காரர்களாக இருந்தார்கள். அவர்களில் நேர்மையானவர்கள் நிறையப் பேர். அப்படியிருந்தும் ஒவ்வொரு எல்.பி.டபிள்யூ. தீர்ப்புக்கும் சந்தேகம் எழுந்தது. 2002 முதல் இரண்டு பேரையும் வெளிநாட்டவராகவே போட்டார்கள். பந்து விளையாட்டுக்கே இவ்வளவு கவனம் எடுத்தார்கள்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13-ஆவது இணைப்பு, அதாவது விபத்து விசாரணைக்கான விதித்தொகுப்பு, இதைத் தெளிவாகவே சொல்கிறது. விபத்தை விசாரிக்கிற அமைப்பு, விமானத்துறையை மேற்பார்வை செய்கிற அதிகாரிகளிடமிருந்து சுதந்திரமாக இருக்கவேண்டும். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் தலையில் பழியைப் போடுவது என்று பார்ப்பது அதன் வேலை அல்ல. அமெரிக்கா இதை அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்தது. விபத்துகளை விசாரிக்கிற அவர்களுடைய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை முதலில் போக்குவரத்துத் திணைக்களத்தோடுதான் ஒட்டியிருந்தது. 1974-இல் ஒரு சட்டம் போட்டு முழுக்கப் பிரித்தெடுத்தார்கள். நம் மஸ்கெலியா மலையில் விமானம் மோதிய அதே வருஷம்.

[காட்சி: இந்து சமுத்திரத்தின் வரைபடம். இலங்கையைச் சுற்றி, தெற்கே வெகுதூரம் நீளும் கொழும்பு வான்பரப்பு.]

இப்போது அந்தக் கதிரைக்குத் திரும்புவோம். கொழும்பின் பொறுப்பில் இருக்கிற வான்பரப்பு நம் தீவைவிடப் பல மடங்கு பெரியது, அதில் பெரும்பகுதி கடல். அதற்குள்ளால் போகிற வெளிநாட்டு விமானங்கள், இங்கே இறங்காவிட்டாலும், கட்டணம் செலுத்துகின்றன. அது டொலரில் வருகிற பணம்.

வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. கோபுரத்தில் இருப்பவர் ஓடுபாதையைப் பார்த்துக்கொள்வார். அணுகு கட்டுப்பாட்டில் இருப்பவர் இறங்க வருகிற விமானங்களை வரிசைப்படுத்துவார். பரப்புக் கட்டுப்பாட்டில் இருப்பவர் உயரத்தில் கடந்து போகிறவற்றைப் பார்ப்பார். 29,000 அடியிலிருந்து 41,000 அடி வரை இரண்டு விமானங்களுக்கு இடையில் செங்குத்தாக 1,000 அடி இருக்கவேண்டும். ஒரே உயரத்தில் என்றால், ராடார் தெரிகிற இடத்தில் பொதுவாக 5 கடல்மைல், அதாவது சுமார் 9 கிலோமீட்டர். 9 கிலோமீட்டர் என்றால் கொழும்புக் கோட்டையிலிருந்து தெஹிவளை வரை, பெரிய தூரம் என்று தோன்றும். ஒரு ஜெட் விமானம் நிமிஷத்துக்கு 15 கிலோமீட்டர் போகும். நேருக்கு நேர் வந்தால் இரண்டும் சேர்ந்து 30. அந்த 9 கிலோமீட்டர் 18 வினாடியில் முடிந்துவிடும்.

அந்த 18 வினாடிக்குள் களைத்துப்போன ஒரு மூளை என்ன செய்யும்? 2002 ஜூலை 1 இரவு, ஜேர்மனியின் ஊபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள், அவர்களில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள். அந்த வான்பரப்பைப் பார்த்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் சூரிச் நிலையம். அந்த இரவு அங்கே கதிரையில் ஒருவர் மட்டும் இருந்தார். மற்றவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார், அந்த வழக்கம் அங்கே வருஷக்கணக்கில் இருந்தது, மேலிடத்துக்கும் அது தெரியும். பராமரிப்பு வேலைக்காக எச்சரிக்கைக் கருவியின் ஒரு பகுதி நிறுத்தப்பட்டிருந்தது. தொலைபேசியும் சரியாக வேலை செய்யவில்லை. மோதல் ஜேர்மன் மண்ணுக்கு மேலே நடந்ததால் ஜேர்மனிய விசாரணை அமைப்பே அதை விசாரித்தது. ஒரு மனிதரின் பிழையோடு நிற்காமல், அவரைத் தனியாக விட்ட நிர்வாகம் வரை அது போனது. பின்னர் 2007-இல் சுவிஸ் நீதிமன்றம் அந்த நிறுவனத்தின் 4 பேரைக் குற்றவாளிகளாகக் கண்டது. வெளியாள் விசாரித்தால் இப்படிக் கேள்வி மேலே வரை போகும்.

விசாரணை அமைப்பைப் பிரித்துவைத்த அமெரிக்காவிலும் மேற்பார்வை தூங்கியிருக்கிறது. 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் பயணிகள் விமானமும் இராணுவ ஹெலிகொப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகொப்டர்களையும் விமானங்களையும் கோபுரத்தில் ஒரே ஆள் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு முந்திய மூன்று வருஷத்தில் அதே இடத்தில் 15,000-க்கும் அதிகமான தடவை விமானமும் ஹெலிகொப்டரும் நெருங்கி வந்ததாகப் பதிவுகள் இருந்தன. அவை கட்டுப்பாட்டை நடத்துகிற அமைப்பின் கையிலேயே இருந்தன. யாரும் சேர்த்து எண்ணிப் பார்க்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த எண்ணிக்கை இன்று நமக்குத் தெரிகிறது. மோதல் நடந்து இரண்டு மாதம் முடிவதற்குள், அந்தச் சுதந்திரமான சபை அதை எடுத்து உலகத்துக்கு முன்னால் வைத்தது.

இங்கே? 2022 நெருக்கடிக்குப் பிறகு வைத்தியர்கள், பொறியியலாளர்கள் போலக் கட்டுப்பாட்டாளர்களும் வெளிநாடு போனார்கள். ஆள் பற்றாக்குறை பற்றி அவர்களுடைய சங்கமே வெளிப்படையாக எச்சரித்தது. ஒருவர் போனால் அடுத்த வாரம் இன்னொருவரைப் போட முடியாது. பயிற்சி, உரிமம், அப்புறம் ஒவ்வொரு கதிரைக்கும் தனித் தகுதி என்று வருஷங்கள் பிடிக்கும். மிஞ்சியிருப்பவர்கள் மேலதிக ஷிப்ட் செய்கிறார்கள். ஒரு கட்டுப்பாட்டாளர் "எனக்குக் களைப்பாக இருக்கிறது, நேற்று இரவு ஒரு பிழை விட்டேன்" என்று பயமில்லாமல் எழுதிக் கொடுக்க முடிகிற இடம் வேண்டும். எழுதிக் கொடுக்கிற காகிதம், அவருடைய சம்பளத்தையும் பதவி உயர்வையும் தீர்மானிக்கிற மேசைக்கே போனால் யார் எழுதுவார்கள்?

[காட்சி: மேசைமேல் ஒரு கடித உறை. கேமரா மெதுவாக நெருங்குகிறது.]

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஆதங்கம் என்று கேட்டீர்கள் என்றால், ஒரு சொந்த அனுபவம் இருக்கிறது. சில வருஷத்துக்கு முன் நான் வந்த விமானம், தரை கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற உயரத்தில், இறங்காமல் திடீரென்று மறுபடி மேலே ஏறியது. பக்கத்தில் இருந்த என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தேவாரம் சொல்லத் தொடங்கிவிட்டார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன், அப்படி மேலே ஏறுவது பயப்பட வேண்டிய விஷயம் இல்லை, சந்தேகம் வந்தால் விமானி செய்யவேண்டிய சரியான காரியமே அதுதான். ஆனாலும் காரணம் தெரிய ஆசைப்பட்டேன். ஓடுபாதையில் வேறு விமானம் நின்றதா? காற்றா? ஒரு அலுவலகத்துக்குத் தமிழில் கடிதம் எழுதினேன். மூன்று மாதம் கழித்துச் சிங்களத்தில் பதில் வந்தது. பக்கத்து வீட்டு அண்ணா வாசித்துச் சொன்னார்: இது எங்கள் பிரிவுக்கு உரியது அல்ல. எந்தப் பிரிவுக்கு உரியது என்று அதில் இல்லை.

அம்மா அதற்குப் பிறகு விமானத்தில் ஏறவேயில்லை. காரணத்தை ஒரு வரியில் யாராவது சொல்லியிருந்தால் ஏறியிருப்பார் என்று நான் இன்றும் நம்புகிறேன்.

2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கு இருக்கிறது. ஒவ்வொரு பொது நிறுவனத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்கவேண்டும். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவோமா மாட்டோமா என்று சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

இந்த முறை மூன்று கேள்விகள் எழுதியிருக்கிறேன். கடந்த ஐந்து வருஷத்தில் கொழும்பு வான்பரப்பில் விமானங்களுக்கு இடையே இருக்கவேண்டிய இடைவெளி எத்தனை தடவை குறைந்தது? அவற்றில் எத்தனைக்கு விசாரணை அறிக்கை எழுதப்பட்டது? அந்த அறிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் பொதுமக்கள் எங்கே வாசிக்கலாம்?

விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன், பற்றுச்சீட்டு இதோ. பதில் வந்தால் ஒரு எழுத்தும் மாற்றாமல் இங்கே வாசிக்கிறேன். வராவிட்டால் பதினைந்தாவது வேலை நாள் காலையில் மேன்முறையீட்டை எழுதத் தொடங்குவேன்.

[காட்சி: பற்றுச்சீட்டு. பின்னணியில் தூரத்து விமானச் சத்தம்.]