எண்ணெய்க் குடமும் வட்டிக் கணக்கும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

கடன் கொடுத்தவன் வந்து என் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்கப் பார்க்கிறான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாள். இரண்டாம் இராஜாக்கள் 4-ஆம் அதிகாரம். அவளிடம் இருந்த ஒரு குடம் எண்ணெய் பல பாத்திரங்கள் நிறையப் பெருகியதைத்தான் நாம் அதிகம் பிரசங்கிக்கிறோம். எலிசா முதலில் கேட்டதோ, வீட்டில் என்ன இருக்கிறது என்று. கடைசியில் சொன்னது, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் பிழைத்துக்கொள் என்று. கடன் முதலில், வீட்டுச் செலவு மீதியில். அற்புதத்துக்குள்ளேயே அந்த வரிசை இருக்கிறது.

ஆகவே இன்று குடும்ப ஜெபம் முடிந்ததும் ஒரு நோட்டை எடுங்கள். யாரிடம் வாங்கியது, அசல் பாக்கி எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதியில் கட்ட வேண்டும்? கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் வாங்கிய கைமாற்றுதான் பல வீடுகளில் திட்டத்தைக் கவிழ்க்கிறது.

எல்லா வட்டியையும் வருடக் கணக்குக்கு மாற்றுங்கள். 5 வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் என்றால், வருடத்துக்கு 60 சதவீதம். தினமும் வசூலிக்கும் தண்டல் கடன் பார்ப்பதற்குச் சின்னதாகத் தெரியும். 10,000 எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு, 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள். முதல் நாளிலிருந்தே அசல் திரும்பிப் போவதால், வருடக் கணக்கில் ஏறக்குறைய 120 சதவீதம் ஆகிறது! கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் மீதிக்கும் வட்டி, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி.

வட்டி அதிகமான கடனை முதலில் அடையுங்கள். மற்றவற்றுக்குத் தவணை மட்டும் போதும். பீரோவில் நகை இருந்தால், 5 வட்டிக்கு வாங்கிய 40,000-ஐ வங்கி நகைக்கடனால் அடைக்கலாம். மாதம் 2,000 போன இடத்தில், வருடம் 10 சதவீதம் என்று வைத்தால், 333 ரூபாய்தான் போகும். மிச்சமாகும் 1,667 ரூபாயை அன்றே நகைக்கடன் அசலில் கட்டிவிட வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மிச்சம் வீட்டுச் செலவில் கரைகிறது, நகை வருடா வருடம் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைக்கப்படுகிறது, அசல் அப்படியே நிற்கிறது. வருமானம் கூட வழியில்லை என்றால் நகையை விற்றுவிடுவதே மேல் என்பேன். அந்த விதவையும் எண்ணெயை அடகு வைக்கவில்லை.

காணிக்கை விஷயம். வருமானத்தில் பத்தில் ஒன்றான தசமபாகத்தை நிறுத்தலாமா என்பதை உங்கள் மனச்சாட்சியும் ஆயரும் முடிவு செய்யட்டும். ஆனால் வட்டிக்கு வாங்கி, நேர்ந்துகொண்ட பொருத்தனையைச் செலுத்த வேண்டாம். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12 சொல்கிறது. டிசம்பர் துணிமணி, கேக் செலவுக்கு ஜனவரியிலிருந்தே மாதம் 500 எடுத்து வையுங்கள். பத்து மாதம் ஒழுங்காகக் கட்டியவர்கள்கூட அந்த ஒரு மாதத்தில் மறுபடி கை நீட்டுகிறார்கள். ஜாமீன் கையெழுத்தும் கடன்தான். நீதிமொழிகள் 6-ஆம் அதிகாரம் அதிலிருந்து தப்பி ஓடச் சொல்கிறது.

கிறிஸ்து குலைத்துப்போட்டார் என்று கொலோசெயர் 2:14-இல் பவுல் சொல்லும் ‘கையெழுத்து’ அந்தக் காலத்துக் கடன் பத்திரத்தைக் குறிக்கும் சொல். கடைசித் தவணை கட்டும் அன்றே புரோநோட்டையும், வெறுமனே கையெழுத்திட்டுக் கொடுத்த செக்கையும் கேட்டு வாங்கி, அங்கேயே கிழித்துவிடுங்கள். வங்கிக் கடனானால், பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி அந்த நோட்டுக்குள்ளேயே வையுங்கள்.