பேட்மேன்கிட்ட காசு இல்ல, ஆனா கோடரி இருக்கு! அப்சல்யூட் காமிக்ஸ்ல எதை முதல்ல படிக்கணும்?

[திரை: பேட்மேன் மார்பு, கறுப்பு வௌவால் சின்னம்]

இந்தச் சின்னத்தை நல்லா பாருங்க. இது கழட்டக்கூடிய சின்னம். கைப்பிடியில மாட்டினா கோடரி! தலையில நீட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு காது? அதுவும் கத்திதான்.

2024 அக்டோபர்ல டிசிங்கிற காமிக்ஸ் கம்பெனி ஆரம்பிச்ச அப்சல்யூட் வரிசை இது. தனி உலகம், பழைய கதை எதுவும் தெரிஞ்சிருக்க வேண்டாம். பின்னணி முடிஞ்சுது, வாங்க.

ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிரகோட்டா வரையுற இந்த பேட்மேன்ல, முகமூடிக்குப் பின்னால இருக்கிற புரூஸ் வெய்ன் ஒரு இன்ஜினியர். அப்பா ஸ்கூல் வாத்தியார், அம்மா உயிரோட இருக்காங்க. மாளிகை கிடையாது. ஆல்ஃபிரட் வேலைக்காரர் இல்ல, இவரை வேவு பார்க்க வர்ற உளவாளி. காசு செஞ்ச வேலையை இப்ப உடம்பும் ஆயுதமும் செய்யணும். அதனாலதான் அந்த மலை மாதிரி தோள். டிரகோட்டா பக்கத்தைச் சின்னச் சின்ன கட்டமா நொறுக்கிட்டு, திடீர்னு ஒரே படத்தால நிரப்புவாரு. அடி விழுறது நமக்கே தெரியும். பேன் (Bane)ங்கிற வில்லன் வர்ற பகுதியை மட்டும் குழந்தைங்க கையில கொடுக்காதீங்க, உடம்பைச் சிதைக்கிற காட்சிகள் கடுமையா இருக்கு.

சூப்பர்மேன்: ஜேசன் ஏரன் எழுத்து, ரஃபா சாண்டோவல் படம். அவர் பிறந்த கிரகமான கிரிப்டான்ல உழைக்கிற வர்க்கத்துப் பிள்ளை, நல்ல யோசனை. ஆனா கதை முன்னும் பின்னும் தாவுது, மாசத்துக்கு ஒண்ணா படிச்சா இழை அறுந்துடும். தொகுப்பா படிங்க.

வொண்டர் வுமனுக்கு, காமிக்ஸுக்குன்னே கொடுக்கிற ஐஸ்னர் விருதுல 2025-ல சிறந்த புதிய தொடர் கிடைச்சுது. தகுதியான விருது. நரகத்துல சூனியக்காரி சர்சி வளர்த்த டயானா, எலும்புக்கூடா பறக்கிற பெகாசஸ் குதிரை மேல வர்றா. கெல்லி தாம்சன் அவளை முரடியா எழுதல. அன்பானவளா எழுதியிருக்காங்க. ஹேடன் ஷெர்மன் கட்டங்களையே கதைக்கேத்த வடிவத்துல வளைக்கிறாரு.

[திரை: பச்சைப் புகை, கூட்டம்]

இப்ப என் கட்சிக்கு வரேன். இந்த வரிசையிலேயே ஒசத்தி மார்ஷியன் மேன்ஹன்டர்தான். 2025 மார்ச்சுல வந்தது, எழுத்து டெனிஸ் கேம்ப், படம் ஹாவியர் ரோட்ரிகஸ். ஜான் ஜோன்ஸ் ஒரு எஃப்பிஐ அதிகாரி. குண்டுவெடிப்புல தப்பிச்சதுக்கு அப்புறம், அடுத்தவங்க மனசுல இருக்கிறது அவருக்குக் கலர் கலரான புகையா தெரியுது.

இதை வரையுறது ஏன் கஷ்டம்? வழக்கமான சூப்பர்ஹீரோ இதழ்ல பென்சில், மை, வண்ணம்னு வேலை ஆள் ஆளா பிரியும். வண்ணம் கடைசியா ஏறும். இங்க புகைக்குக் கறுப்பு வெளிக்கோடு போட்டா கம்பளிப் பூச்சியாட்டம் கெட்டியாயிடும். கோடே இல்லாம வண்ணத்தால மட்டும் உருவம் நிக்கணும். அதனால கோடு எங்க முடியணும், வண்ணம் எங்க தொடங்கணும்னு ஒரே ஆள் முடிவு பண்ணணும். ரோட்ரிகஸ் வண்ணத்தையும் தானே போடுறாரு. அதனாலதான் இது நிக்குது.

இன்னொரு ரகசியம் இருக்கு. ஒரு இடத்துல பக்கத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா, பின்பக்கம் அச்சான படம் முன்பக்கத்துல ஊடுருவித் தெரியும்! ஜானோட பார்வை நமக்கே கிடைச்ச மாதிரி. இப்படிப் பண்ண, பின்பக்கத்துப் படத்தை இடவலம் மாத்தி யோசிச்சு வரையணும், ரெண்டு பக்க அச்சும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தி உட்காரணும். கொஞ்சம் நகர்ந்தாலும் முகத்துல இருக்க வேண்டியது தோள்ல போய் விழும்.

நீங்க செய்ய வேண்டியது: ஒரே ஒரு தாளை மட்டும் தனியா பிடிங்க. கூட இன்னொரு தாள் சேர்ந்தா கலங்கிடும். கூரையில இருக்கிற டியூப்லைட் பத்தாது, போன் டார்ச்சைத் தாளுக்குப் பின்னால அரை அடி தள்ளிப் பிடிங்க. ஒட்டி வச்சா ஒரு புள்ளி மட்டும் கண்ணைக் கூசும். மெல்லிசான இதழ்த் தாள்ல இது நல்லா வரும், தாள் தடிச்சா மங்கும். போன் திரையில படிக்கிறவங்க இதைச் செய்யவே முடியாது. இந்த ஒரு தொடரை மட்டுமாவது அச்சுல வாங்குங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன்.

மத்ததை டிஜிட்டல்ல படிக்கலாம். ஆனா கட்டம் கட்டமா பெரிசாக்கிக் காட்டுற வசதியை அணைச்சிடுங்க, இல்லேன்னா ஷெர்மன் வளைச்ச பக்கமெல்லாம் துண்டு துண்டாயிடும். டேப்லெட்டைப் படுக்கவாட்டுல வச்சு ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்க.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: ஒரே இதழுக்கு நிறைய அட்டை இருக்கும், உள்ளே கதை ஒண்ணுதான். பேட்மேன் முதல் இதழ் பல தடவை மறுஅச்சு ஆயிருக்கு. படிக்கத்தான் வேணும்னா முதல் அச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்காதீங்க, முதல் ஆறு இதழும் சேர்ந்த ‘தி ஸூ’ தொகுப்பை எடுங்க.

மார்ஷியனை விட பேட்மேன்தான் ஒசத்தின்னு நினைக்கிறவங்க, எந்த இதழ், எந்தப் பக்கம்னு கமெண்ட்ல போடுங்க. அந்தப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டே பதில் எழுதுறேன்.