நாய் திடீரென்று உறுமுகிறதா? அதட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்

வணக்கம் மக்களே! எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "இத்தனை வருஷம் சாதுவாக இருந்த நாய், இப்போது கை வைத்தாலே உறுமுகிறது. திமிர் ஏறிவிட்டதா?"

திமிர் எல்லாம் இல்லைங்க. எங்கே தொட்டால் உறுமுகிறது என்று பாருங்கள், பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். தலையைத் தடவும்போது மட்டும் சீறினால் காது மடலைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சிவந்து, காபிப் பொடி மாதிரி அழுக்கு சேர்ந்து, வாடை அடித்தால் காதில்தான் கோளாறு. இடுப்புப் பக்கம் கை போனால் கோபம், மாடிப்படி ஏறத் தயக்கம் என்றால் மூட்டு வலியாக இருக்கலாம். ஒரே பக்கமாக மெல்கிறதா? பல்லைக் காட்டச் சொல்லுங்கள். அதாவது, டாக்டரிடம்!

அப்புறம், நம் ஊரில் அதிகம் ஏமாற்றுவது உண்ணிக் காய்ச்சல். கேட் சத்தம் கேட்டால் பாய்ந்து வரும் நாய், தலையைக்கூடத் தூக்காமல் படுத்திருக்கும். "வெயில் அப்படி" என்று விட்டுவிடுவோம். பழுப்பு உண்ணி கடித்து எர்லிக்கியா என்ற கிருமி உள்ளே போனால் ரத்தத் தட்டணுக்கள் குறையும். சில நாய்களுக்கு மூக்கில் ரத்தம் வரும், அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரியும். காதின் உள்புறம், விரல் இடுக்கு எல்லாம் தேடுங்கள். உண்ணி கிடைக்கவில்லை என்றாலும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். கடித்தது எப்போதோ உதிர்ந்து போயிருக்கும். டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்து, பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சுமார் 28 நாள் கொடுக்கச் சொல்வார். சில நாளிலேயே நாய் துள்ளும், உடனே நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். செய்யாதீர்கள்.

இதோ, நம்ம நாய் கருப்பன் வந்துவிட்டான். ரத்த ஓட்டம் சரியா என்று எப்படிப் பார்ப்பது என இவனிடம் காட்டுகிறேன். மேலுதட்டை இப்படி மெல்லத் தூக்கி, ஈறை விரலால் ஒரு அழுத்து அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழையபடி ரோஸ் நிறத்துக்கு வர வேண்டும். ஈறே வெளிறியிருந்தால் அன்றைக்கே கிளம்புங்கள். இவனைப் போல ஈறு கறுப்பாக இருந்தால் கீழ் இமையின் உள்பக்கம் பாருங்கள். சரி, போடா!

கருத்தடை செய்யாத பெண் நாய், ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தண்ணீரை அதிகமாகக் குடித்து, சோறு வேண்டாம் என்றால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். வெளியே எதுவும் வடியாமலும் இருக்கும், அது இன்னும் ஆபத்து. அதேபோல வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கி முக்கி எதுவும் வரவில்லை என்றால், இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியானாலும் ஓடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கவே வேண்டாம். தடுப்பூசி போடாத நாய் திடீரென்று குணம் மாறி, குரல் மாறி, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினால், தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கிறது என்று வாய்க்குள் விரலை விடாதீர்கள். ரேபிஸாக இருக்கலாம். கடித்தாலோ, காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நீங்கள் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை நாய்க்குக் கொடுக்காதீர்கள், கல்லீரலைக் கெடுக்கும். கிளம்புமுன் நொண்டுவதையோ முனகுவதையோ போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் வாசலை மிதித்ததும் பயத்தில் நம் ஆள் நேராக நடப்பார், டாக்டர் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்!