மேசையைச் சுற்றி மூன்று பேர்

நடுவர் அவர்களே, வணக்கம். சார்லட், எமிலி, ஆன் என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர்கள், பிராண்டே சகோதரிகளை எழுத வைத்தது தனிமையா, கூடப்பிறந்தவர்களா என்பது கேள்வி. (பிராண்டே, ஐயா. பிராண்டி என்றால் அது குடிப்பழக்கம் பிடித்த அவர்கள் சகோதரன் பிரான்வெல் கணக்கு.)

எதிரணித் தோழி வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மேட்டுநிலம், ஓயாத காற்று, ஹவொர்த் ஊரில் பாதிரியாரான அவர்கள் அப்பாவின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே கல்லறைகள் என்று அடுக்கிவிட்டு, தனிமைதான் எழுத வைத்தது என்று சொல்லிப் போய் உட்கார்ந்துவிட்டார். அதே காற்று ஊரில் எல்லார் வீட்டுக் கூரையிலும்தானே அடித்தது? அங்கெல்லாம் ஏன் நாவல் வரவில்லை?

ராத்திரி ஒன்பது மணி ஆனால் தையலை எடுத்து வைத்துவிட்டு, சாப்பாட்டு அறை மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே கதை பேசுவார்கள் சார்லட்டும் எமிலியும் ஆனும், எழுதியதைப் படித்தும் காட்டுவார்கள். சும்மா தலையாட்டவும் மாட்டார்கள். கதாநாயகி அழகாக இருந்தால்தான் எடுபடும் என்று தங்கைகள் சொல்ல, என்னை மாதிரி குள்ளமாக, சாதாரண முகத்தோடு ஒருத்தியை வைத்தே எழுதிக் காட்டுகிறேன் என்று அக்கா சார்லட் சவால் விட்டாளாம். 1847 அக்டோபரில் வந்த அவளுடைய 'ஜேன் அயர்' நாவல் அந்தச் சண்டையில் பிறந்ததுதான்.

சரி, எமிலி யாரோடும் ஒட்டாதவள் என்றீர்கள். உண்மைதான். 1845-ல் அவள் ஒளித்து வைத்திருந்த கவிதைகளைச் சார்லட் எடுத்துப் படித்துவிட்டாள் என்று வீடே இரண்டுபட்டது. ஆனால் அக்கா அப்படி மூக்கை நுழைக்காமல் இருந்திருந்தால் அந்த நோட்டு மேசைக்குள்ளேயே மக்கியிருக்கும். ஆனும் சத்தமில்லாமல் தன் கவிதைகளைக் கொண்டுவந்து நீட்டினாள். பெரியம்மா விட்டுப்போன காசில், ஆண் பெண் தெரியாத பெயர்களில், மூன்று பேருமாக 1846-ல் புத்தகம் போட்டார்கள். ஒரு வருடத்தில் விற்றது 2 பிரதி. தனி ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே பேனாவைத் தூக்கி எறிந்திருப்பாள்!

அப்புறம் எதிரணியின் பெரிய ஆயுதம்: 1848 டிசம்பரில் எமிலி, 1849 மே மாதம் ஆன், இருவரும் போன பிறகும் சார்லட் 'வில்லெட்' நாவலை எழுதினாளே என்பது. எழுதினாள். ஆனால் எப்படி எழுதினாள் என்று 1852-ல் பதிப்பாளருக்குப் போட்ட கடிதத்தில் அவளே புலம்பியிருக்கிறாள்: ஒரு வரி படித்துக் காட்ட ஆளில்லை, யோசனை கேட்கவும் ஆளில்லை, 'ஜேன் அயர்' இப்படி எழுதியதில்லை, அடுத்த நாவல் 'ஷெர்லி'யில் மூன்றில் இரண்டு பங்கும் இப்படி எழுதியதில்லை என்று. 'ஷெர்லி'யின் மிச்ச ஒரு பங்கை எழுதும்போதுதான், நடுவர் அவர்களே, அந்த மேசையைச் சுற்றி நடக்க அவள் ஒருத்தி மட்டும் இருந்தாள்.