கசிவை அளப்பது யார்?

எல்லோருக்கும் வணக்கம். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பேச்சு பெரும்பாலும் எண்ணெய்க் கம்பெனியை எதிர்த்துப் போராடிய எழுத்தாளர் கென் சாரோ-விவாவைத் தூக்கிலிட்டதில்தான் ஆரம்பிக்கும். நானும் அங்கே வருவேன், அதற்கு முன்னால் போடோ என்கிற ஊருக்குப் போய்விட்டு வரலாம். அந்த ஊரில் நடந்தது புரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

போடோ, அந்தக் கழிமுகத்தில் வாழ்கிற ஒகோனி என்ற இன மக்களின் ஊர். சுற்றிலும் உப்பங்கழி, அலையாத்திக் காடு. மீன், நண்டு, சேற்றிலும் வேர்களிலும் பொறுக்குகிற சின்ன நத்தை, இதுதான் பிழைப்பு. நத்தை பொறுக்குவது பெரும்பாலும் பெண்கள். அந்தக் கழி வழியாக, அப்போது ஷெல் நிறுவனத்திடம் இருந்த கச்சா எண்ணெய்க் குழாய் போகிறது. 2008இல் அந்தக் குழாயில் பற்றவைத்த இடம் விட்டுப்போய் எண்ணெய் கொட்டத் தொடங்கியது. எப்போது தொடங்கியது? ஊர்க்காரர்கள் ஆகஸ்ட் 28 என்கிறார்கள், ஷெல் அக்டோபர் 5 என்றது. நவம்பர் 7இல் அடைத்தார்கள் என்பதில் மட்டும் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. அதாவது ஊர்க் கணக்கில் பத்து வாரம், கம்பெனிக் கணக்கில் ஐந்து வாரம்கூட இல்லை. அடைத்து ஒரே மாதத்தில், டிசம்பரில், அதே குழாய் மறுபடியும் விட்டுப்போனது, அது அடைபட அடுத்த பிப்ரவரி ஆனது.

முதல் கசிவில் எவ்வளவு போனது என்பதற்கு அதிகாரபூர்வ விசாரணை அறிக்கை தந்த எண் 1,640 பீப்பாய். அப்புறம் ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு, கசிவை எடுத்த வீடியோவை ஒரு அமெரிக்க நிறுவனத்திடம் கொடுத்துக் கணக்குப் போடச் சொன்னது. ஒரு நாளைக்கே 1,440 முதல் 4,320 பீப்பாய் வரை போயிருக்கலாம் என்று பதில் வந்தது. ஒரு நாளைக்கு! போடோ மக்கள் ஷெல் மீது போட்ட வழக்கு லண்டன் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான், தாங்கள் முன்பு சொன்னதைவிட அதிகம் கொட்டியது என்று ஷெல் ஒத்துக்கொண்டது.

நான் இன்று சொல்ல வந்தது இதுதான். நைஜர் கழிமுகத்தில் எண்ணெய் யாருடையது என்ற சண்டை ஒன்று இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரியும். அதைவிட அடியில் இன்னொரு சண்டை இருக்கிறது: நடந்த சேதத்தை அளக்கிற உரிமை யாரிடம் இருக்கிறது?

அங்கே கசிவு நடந்தால் கூட்டு விசாரணை என்று ஒன்று நடக்கும். கம்பெனி ஆள், அரசின் ஒழுங்குமுறை அமைப்பின் ஆள், ஊர்ப் பிரதிநிதி, மூவரும் சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். தேதி, காரணம், அளவு, எவ்வளவு பரப்பு, எல்லாம் ஒரு படிவத்தில் ஏறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போகப் படகு வேண்டும், வண்டி வேண்டும், அளக்கத் தெரிந்த ஆட்கள் வேண்டும், அதெல்லாம் கம்பெனியிடம் இருக்கிறது. அரசு அதிகாரிகளே கம்பெனியின் வண்டிவாகனத்தை நம்பி இருக்கிறார்கள் என்று ஐநா சுற்றுச்சூழல் அமைப்பே எழுதியிருக்கிறது. அந்தப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் "நாசவேலை" என்று எழுதிவிட்டால் நஷ்டஈடு கிடையாது. யாருக்கு நஷ்டமோ அவர் கையில் பேனா இல்லை.

போடோ மக்களுக்கு முதலில் வந்த உதவி என்ன தெரியுமா? 2009இல் 50 மூட்டை அரிசி, 50 மூட்டை பயறு, மரவள்ளி மாவு, தக்காளி, கடலை எண்ணெய். பல்லாயிரம் பேர் வாழ்கிற ஊருக்கு! இது எங்களை அவமானப்படுத்துவது என்று ஊர் முதலில் மறுத்தது, பிறகு வேறு வழியில்லாமல் வாங்கிக்கொண்டது. பணமாக ஷெல் முதலில் தருவதாகச் சொன்னது 4,000 பவுண்டு என்று ஊர்க்காரர்களுடைய லண்டன் வக்கீல்கள் சொல்கிறார்கள். 2015 ஜனவரியில் அதே ஊருக்கு 5.5 கோடி பவுண்டு தர ஒப்பந்தமானது. இடையில் மாறியது என்ன? கழி அதே கழி, மக்கள் அதே மக்கள். கணக்கைக் கம்பெனிக்கு வெளியே இருக்கிற ஒருவர் சரிபார்க்கிற இடத்துக்கு விஷயம் போனது, அவ்வளவுதான்.

இந்த நிலை ஒரு நாளில் வந்ததல்ல. 1956இல் ஒலோயிபிரி என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது, 1958இல் ஏற்றுமதி ஆரம்பித்தது. சுதந்திரம் வந்த காலத்தில் எண்ணெய் வருமானத்தில் பாதி அது கிடைத்த பகுதிக்கே போக வேண்டும் என்று விதி இருந்தது. ராணுவ ஆட்சிகள் வந்து 1969 பெட்ரோலியச் சட்டத்தில் எண்ணெய் முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தம் என்றார்கள், 1978 நிலச் சட்டத்தில் நிலத்தின் மீதான பிடியையும் அரசு எடுத்துக்கொண்டது. பகுதிக்கான பங்கு 50 சதவீதத்திலிருந்து 1.5 வரை இறங்கி, 1999 அரசியலமைப்பில் 13 ஆனது. அதுவும் போவது மாநில அரசின் கைக்கு, ஊருக்கு அல்ல. மொத்தத்தில் அந்த எண்ணெயை வாங்கியவர்கள் உலகமெங்கும் உண்டு. இந்தியாவும் பல ஆண்டுகள் நைஜீரியக் கச்சா எண்ணெயைப் பெருமளவில் வாங்கியிருக்கிறது, ஆகவே இது நமக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்கதை என்று நாம் சொல்லிவிட முடியாது.

இந்த ஏற்பாட்டைத்தான் சாரோ-விவாவும் அவருடைய தோழர்களும் எதிர்த்தார்கள். 1990இல் ஒகோனி உரிமை சாசனம் எழுதினார்கள். 1993 ஜனவரி 4ஆம் தேதி ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் தெருவுக்கு வந்தார்கள். ஒகோனி மக்கள்தொகையே அப்போது ஐந்து லட்சம் சொச்சம்தான், யோசித்துப் பாருங்கள். அந்த ஆண்டே ஷெல் அங்கே எண்ணெய் எடுப்பதை நிறுத்தியது. அதற்குப் பிறகு ராணுவம் ஊர் ஊராகப் புகுந்தது. 1994 மே மாதம் நான்கு ஒகோனித் தலைவர்கள் ஒரு கும்பலால் கொல்லப்பட்டார்கள். அது கொடூரமான கொலை, அந்தக் குடும்பங்களின் துயரத்தையும் நாம் மறக்கக் கூடாது. அந்தக் கொலையைத் தூண்டினார் என்று சொல்லி சாரோ-விவாவைப் பிடித்தார்கள், மற்றவர்களையும் பிடித்தார்கள். மேல்முறையீடே இல்லாத சிறப்புத் தீர்ப்பாயம். வக்கீல்கள் இது விசாரணையே இல்லை என்று வெளியேறினார்கள். 1995 நவம்பர் 10ஆம் தேதி போர்ட் ஹார்கோர்ட் சிறையில் சாரோ-விவா உட்பட ஒன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். 30 ஆண்டு கழித்து, 2025 ஜூனில், நைஜீரிய அதிபர் அவர்களுக்குப் பொதுமன்னிப்பும் தேசிய விருதும் அறிவித்தார். குற்றமே செய்யாதவர்களுக்கு மன்னிப்பு எதற்கு, தீர்ப்பையே ரத்து செய்யுங்கள் என்று கேட்கிறார்கள் ஒகோனிகள். அவர்கள் கேட்பது நியாயம்.

சரி, கம்பெனி போன பிறகாவது மண் ஆறியதா? 2011இல் ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு அறிக்கை தந்தது. ஆயிரக்கணக்கான மாதிரிகள், 5,000க்கு மேற்பட்ட மருத்துவப் பதிவுகள், ஊர்க்கூட்டங்களில் 23,000 பேர். என் பார்வையில் அங்கே நடந்த முதல் நேர்மையான பெரிய அளவெடுப்பு அதுதான். நிசிசியோகென் ஓகாலே என்ற இடத்தில் மக்கள் குடித்துக்கொண்டிருந்த கிணற்று நீரில் பென்சீன் உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவைவிட 900 மடங்குக்கும் மேல். பென்சீன் புற்றுநோய் தருவது. அங்கே நிலத்தடி நீர்மேல் 8 சென்டிமீட்டர் எண்ணெய் மிதந்தது. குடத்தை இறக்கி மொண்டால் முதலில் வருவது எண்ணெய்! எஜாமா எபுபுவில் 1970 வாக்கில் கொட்டிய எண்ணெய் 40 ஆண்டு கழித்தும் மண்ணில் கிடந்தது, அதுவும் பலமுறை சுத்தம் செய்ததாகச் சொன்ன இடத்தில். முழுவதும் சீராக 25 முதல் 30 ஆண்டு ஆகும், முதற்கட்டமாக 100 கோடி டாலர் வேண்டும் என்றது அறிக்கை. துப்புரவுப் பணி தொடங்கிவைக்கப்பட்டது 2016இல்.

இங்கே ஒருவர் கேட்கலாம், அந்த மக்களே குழாயை உடைத்து எண்ணெய் திருடவில்லையா என்று. திருடுகிறார்கள், காட்டுக்குள் அடுப்பு மூட்டிக் காய்ச்சுகிறார்கள், அதனால் அலையாத்திக் காடு கருகுவதையும் அதே ஐநா அறிக்கை எழுதியிருக்கிறது. 2022 ஏப்ரலில் இமோ மாநிலக் காட்டில் அப்படி ஒரு இடம் வெடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். இதை மறைத்துப் பேசுவது அந்த மக்களுக்கே செய்கிற துரோகம். ஆனால் கழியில் மீன் செத்த பிறகு, வேலையும் கிடைக்காத பையன் அந்த அடுப்புக்குப் போகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போடோவின் 2008 கசிவுகள் நாசவேலை அல்ல, குழாயின் பழுது என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது. ஒவ்வொரு கசிவையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும். அதைத்தான் 2021 ஜனவரியில், ஷெல் மீது நைஜீரிய விவசாயிகள் போட்ட வழக்கில், நெதர்லாந்தின் ஹேக் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: நாசவேலை என்று சொல்கிற கம்பெனி அதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும், கோய், ஒருமா ஊர்களில் நிரூபிக்கவில்லை, ஆகவே நஷ்டஈடு கொடு. 2008இல் போட்ட வழக்கு அது. தீர்ப்பு வருவதற்குள் வழக்குப் போட்ட விவசாயிகளில் சிலர் இறந்தே போனார்கள்.

அதே 2021இல் நைஜீரியா புதிய பெட்ரோலியச் சட்டம் கொண்டுவந்தது. கம்பெனியின் நடைமுறைச் செலவில் 3 சதவீதம் ஊர்களுக்கான நிதிக்குப் போகும், நல்லது. ஆனால் நாசவேலையால் சேதமானால் அந்தச் செலவை ஊர் நிதியில் பிடித்துக்கொள்ளலாம் என்றும் எழுதிவைத்தார்கள். யாரோ நான்கு பேர் செய்ததற்கு ஊர் முழுவதற்கும் அபராதம். அப்படியானால் "நாசவேலை" என்று எழுதுகிற அந்தப் படிவத்துக்கு இனி எவ்வளவு பலம் என்று பாருங்கள்.

2025 மார்ச்சில் ஷெல் தன் நைஜீரியக் கரைப்பகுதித் தொழிலை ரினைசன்ஸ் என்ற, பெரும்பாலும் உள்நாட்டு நிறுவனங்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு விற்று முடித்தது. சுத்தம் செய்யும் கடமையை யார் சுமப்பது, அதற்கான பணம் எங்கே என்று ஊர்கள் கேட்கின்றன. ஓகாலே, பில்லே ஊர் மக்கள் ஷெல் மீது போட்ட வழக்கு லண்டனில் இன்னும் நடக்கிறது. எண்ணெய் கொட்டி எத்தனை ஆண்டு ஆனாலும், அதை அகற்றாமல் விட்டிருந்தால் வழக்குத் தொடர வழி உண்டு என்று 2025 ஜூனில் அங்கே ஒரு நீதிபதி சொல்லியிருக்கிறார். முழு விசாரணை இனிமேல்தான். அதில் ஓகாலே கிணறுகளின் அளவு எண்கள் சாட்சியமாக எடுத்து வைக்கப்படும், அந்த எண்களை எடுத்தது கம்பெனி அல்ல. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.