பிறந்த தேதி ஏன் ஒரு நாள் முன்னால் போகிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையதளமும் மொபைல் செயலியும் எழுதக் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் சிக்கல் ஒன்றைப் பற்றி இன்று பேசுகிறேன். பள்ளிச் சேர்க்கைப் படிவம் ஒன்றை வைத்துக்கொள்வோம். குழந்தையின் பிறந்த தேதியாக 2019 ஆகஸ்ட் 15-ஐ அம்மா தொட்டுத் தேர்ந்தெடுக்கிறார். சேமித்துவிட்டுத் திறந்தால் ஆகஸ்ட் 14 என்று நிற்கிறது. சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு. ஒரு நாள் பிசகினாலும் ஒரு பிள்ளையின் ஒரு வருடம் போய்விடலாம். அதனால்தான் இதைச் சின்னப் பிழை என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை.

திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது. செயலியிலிருந்து சர்வருக்கு, அதாவது தகவலைப் பெற்றுச் சேமிக்கும் கணினிக்குப் போகும் தகவலை மாற்றமில்லாமல் அச்சிட்டுப் பாருங்கள். அதில் ஆகஸ்ட் 14, 18 மணி 30 நிமிடம் என்று இருக்கும். கடைசியில் இசட் என்ற எழுத்து நிற்கும். அந்த 18:30-தான் துப்பு. இசட் என்றால் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஆகவே நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு என்றால் யுடிசியில் முந்தைய நாள் மாலை ஆறரை.

நடந்தது இதுதான். தேதியைத் தொட்டதும், செயலி எழுதப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழி அதை அந்த நாளின் நள்ளிரவாக எடுத்துக்கொண்டது. சர்வருக்கு அனுப்பும்போது டு-ஐஎஸ்ஓ-ஸ்ட்ரிங் என்ற ஃபங்ஷன் அதை யுடிசிக்கு மாற்றியது. அங்கே யாரோ முதல் பத்து எழுத்தை, அதாவது 2019-08-14 என்ற தேதிப் பகுதியை மட்டும் வெட்டி டேட்டாபேஸில் போட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் எழுதியதும் சரிதான்.

இதற்குப் பலர் செய்யும் வைத்தியம், சேமிக்கும் முன் ஒரு நாளைக் கூட்டிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டொரன்டோவில் இருக்கும் அத்தை அதே படிவத்தை நிரப்பினால், அவருடைய நள்ளிரவு யுடிசியில் அதே நாள் அதிகாலை. தேதி சரியாகவே வந்துசேரும். நீங்கள் கூட்டிய நாள் அதை 16 ஆக்கிவிடும்.

ஐந்தரை மணி நேரத்தைக் கையால் கூட்டுவதும் எப்போதும் சரிவராது. இலங்கை 1996-இல் இரண்டு முறை கடிகாரத்தை மாற்றியது. 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. இடையில் 2000-இல் கொழும்பு யுடிசியைவிட ஆறு மணி முன்னால் இருந்தது. அந்த வருடத்துக் கொழும்பு நள்ளிரவை யுடிசியாகச் சேமித்து, பிறகு ஐந்தரை கூட்டினால் முந்தைய நாள் இரவு பதினொன்றரைதான் வரும். இந்த மாற்றங்களையெல்லாம் உலக நேர மண்டலத் தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஏசியா கொழும்பு, ஏசியா கொல்கத்தா என்று மண்டலத்தின் பெயரைக் கொடுங்கள், கணக்கை அது பார்த்துக்கொள்ளும்.

பிறந்த தேதிக்கோ அந்தக் கணக்கே வேண்டாம். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: நிரல் எழுதும் முன், கையில் இருப்பது ஒரு நாளா, ஒரு கணமா என்று கேளுங்கள். பணம் செலுத்தியது ஒரு கணம். அதை யுடிசியில் சேமித்து, பார்ப்பவர் ஊர் நேரத்தில் காட்டுங்கள். பிறந்த தேதி ஒரு நாள். எந்த ஊரிலிருந்து பார்த்தாலும் அது மாறக் கூடாது. வருடம், மாதம், தேதி என்று வெறும் எழுத்தாகவே அனுப்பி, டேட்டாபேஸில் நாளை மட்டும் வைக்கும் டேட் வகைப் பத்தியில் வையுங்கள்.

நிரல் மொழிகளே இந்த வேறுபாட்டைத் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டன. 1995-இல் அவசரமாக உருவான ஜாவாஸ்கிரிப்ட், தேதிக்கான ஏற்பாட்டை ஜாவா என்ற வேறொரு மொழியின் அன்றைய வடிவத்திலிருந்து எடுத்துக்கொண்டது. ஜனவரியைப் பூஜ்யமாக எண்ணும் வழக்கமும் கூடவே வந்தது. நாளை மட்டும் குறிக்கும் லோக்கல் டேட் ஜாவாவுக்கு 2014-இல் வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் டெம்பொரல் என்ற பெயரில் அதே வசதி வருகிறது. ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 2025-இல் சேர்த்துக்கொண்டது.

இன்னொரு பிழை சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியவே தெரியாது. தேதியை எழுத்தாக வாங்கி மறுபடி ஜாவாஸ்கிரிப்டின் டேட் என்ற தேதி வசதியிடம் கொடுத்தால், அது யுடிசி நள்ளிரவு என்று படிக்கும். நமக்கு அது காலை ஐந்தரை, அதே தேதி. அமெரிக்காவில் முந்தைய நாள் மாலை. ஆகவே செயலியை வெளியிடும் முன், சோதனை போனின் அமைப்புகளில் தானியங்கி நேர மண்டலத்தை அணைத்து, ஒரு முறை லாஸ் ஏஞ்சலிஸ், ஒரு முறை ஆக்லாந்து என்று வைத்து, அதே படிவத்தை நிரப்பிப் பாருங்கள். இரண்டிலும் ஆகஸ்ட் 15 வந்தால் வெளியிடலாம்.

நன்றி, வணக்கம்.