டாக்டருக்குத் தொப்பை இருந்தால் என்ன?

(அண்ணா நகரில் ஒரு குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர் பேசியது.)

எல்லாருக்கும் வணக்கம். டவர் பார்க்கில் நடந்து முடித்துவிட்டு அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள், பசி நேரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "வெயிட்டைக் குறைங்க, வாக்கிங் போங்கன்னு எனக்குச் சொல்ற டாக்டருக்கே இவ்வளவு பெரிய தொப்பை. அவர் பேச்சை நான் எதுக்குக் கேக்கணும்?" நல்ல கைதட்டல் விழுந்தது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

அவர் ஒருவருக்கு மட்டும் தோன்றிய எண்ணம் இல்லை இது. அமெரிக்காவில் ரெபெக்கா பூல் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 358 பேரைக் கேட்டு 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். டாக்டர் குண்டாக இருந்தால் அவர்மேல் நம்பிக்கை குறைகிறது, அவர் சொன்னபடி நடக்கும் எண்ணம் குறைகிறது, வேறு டாக்டரிடம் போகலாமா என்றுகூடத் தோன்றுகிறது என்பதுதான் முடிவு. பதில் சொன்னவர் தானே குண்டாக இருந்தாலும் இதே பதில்தான் சொன்னார் என்பது என்னை ரொம்ப உறுத்தியது.

ஆனால் உடம்பு வேறு, பழக்கம் வேறு. தைராய்டு இருக்கலாம், வேறு எதற்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடலாம், பிரசவத்துக்கு அப்புறம் போட்ட எடையாக இருக்கலாம், பரம்பரையாக இருக்கலாம். அதுவும் நம் ஊர் உடம்பு கையும் காலும் ஒல்லியாக இருக்க வயிற்றில் மட்டும் கொழுப்பு சேர்க்கிற உடம்பு, அதனால்தான் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 23-ஐத் தாண்டினாலே நமக்கு அதிக எடை என்கிறார்கள், மேல்நாட்டுக்காரர்களுக்கு அது 25. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு சுகர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் டாக்டர்களும் இருக்கிறார்கள். ஒட்டிய வயிறோடு தினம் ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிற டாக்டரும் இருக்கிறார், அவரைப் பார்த்து யாரும் கேள்வி கேட்பதில்லை.

சிகரெட் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 1946-இல் அமெரிக்காவில், மற்ற சிகரெட்டைவிட கேமல் சிகரெட்டைத்தான் அதிக டாக்டர்கள் பிடிக்கிறார்கள் என்று விளம்பரம் வந்தது. டாக்டரின் பழக்கத்துக்கு ஜனங்களிடம் என்ன மதிப்பு என்று அந்தக் கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. அப்புறம் 1951-இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏறத்தாழ 40,000 டாக்டர்களிடம் அவர்களுடைய புகைப்பழக்கத்தைக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் கவனித்தார்கள். புகைப்பவர்கள் சராசரியாக 10 வருஷம் முன்னாலேயே இறக்கிறார்கள் என்று 2004-இல் வந்த கணக்கு அந்த டாக்டர்களின் வாழ்விலிருந்தும் சாவிலிருந்தும் எடுத்ததுதான். டால் தன் ஆராய்ச்சி காட்டியதைப் பார்த்துத் தானே சிகரெட்டை விட்டார். அந்நாட்டு டாக்டர்களில் நிறையப் பேர் விட்டார்கள்.

அதனால் பழக்கத்துக்கு மதிப்பில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது நோயாளியைத் தொடுகிற வழி நாம் நினைக்கிற வழி இல்லை. 2012-இல் அமெரிக்காவில் 500 டாக்டர்களிடம் எடுத்த ஓர் ஆய்வில், எடை சரியாக இருக்கும் டாக்டர்களில் 100-க்கு 30 பேர் குண்டான நோயாளிகளிடம் எடையைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார்கள். தாங்களே குண்டாக இருக்கும் டாக்டர்களில் 18 பேர்தான். கூச்சம். நான் எப்படிச் சொல்வது என்ற கூச்சம். என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து இதுதான். நாம் அவர் தொப்பையைப் பார்த்து முணுமுணுக்க முணுமுணுக்க, அவர் நம்மிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே சீட்டெழுதி அனுப்பிவிடுவார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2000-இல் எரிகா ஃபிராங்க் என்ற டாக்டரின் குழு அட்லாண்டாவில் நோயாளிகளுக்கு வீடியோ போட்டுக் காட்டியது. ஒன்றில் டாக்டர் வழக்கமான ஆலோசனை மட்டும் சொல்கிறார். இன்னொன்றில் கூடுதலாக அரை நிமிஷம், தான் என்ன சாப்பிடுகிறேன், எப்படி உடற்பயிற்சி செய்கிறேன் என்று பேசுகிறார், மேசைமேல் ஓர் ஆப்பிளும் சைக்கிள் ஹெல்மெட்டும் இருக்கின்றன. இரண்டாவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அவர் பேச்சில் நம்பிக்கையும், நாமும் செய்யலாம் என்ற எண்ணமும் அதிகம் வந்தது. அரை நிமிஷம்தான்!

எங்கள் சுகர் ஓ.பி.யில் ஒரு மேடம் இருந்தார், நல்ல பருமனானவர். இட்லிக்கடை வைத்திருந்த ஓர் அம்மாவுக்கு சுகர் குறையவே இல்லை, திட்டு வாங்கி வாங்கிப் பழகிப்போன முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் சுகர்தாம்மா. ராத்திரி லேட்டா வீட்டுக்குப் போய் பசி வெறியில சோத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்குவேன். இப்போ சாயங்காலமே கொஞ்சம் சுண்டல் சாப்பிட்டுடறேன், ராத்திரி அந்த வெறி இல்ல" என்றார். அடுத்த மாதம் அந்த அம்மா வந்து, தன் கடையில் மீந்த இட்லியை ராத்திரி பத்து மணிக்கு மேல் தின்று தீர்ப்பதை முதல் தடவையாகச் சொன்னார். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மேடத்தின் எடை அன்றைக்கும் அப்படியேதான் இருந்தது.

சரி, டாக்டர்கள் ஏன் உடம்பைக் கவனிப்பதில்லை? புது நோயாளிகளைச் சேர்க்கிற அட்மிஷன் டே அன்று காலையில் வார்டுக்கு வந்த பி.ஜி. டாக்டர், அதாவது மேல்படிப்பு படித்துக்கொண்டே வேலை பார்க்கிறவர், மறுநாள் சாயங்காலம்தான் ஹாஸ்டலுக்குத் திரும்புவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தவள். பகல் சாப்பாடு மாலை நாலு மணிக்கு, இல்லையென்றால் கேண்டீன் டீயும் பன்னும். தூக்கம் கெட்டால் பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், வயிறு நிறைந்தது என்று சொல்லும் ஹார்மோன் குறையும், மனசு இனிப்பையும் எண்ணெயையும் தேடும். இருபத்தைந்து வயதில் ஒல்லியாக வந்த பிள்ளைகள் கோர்ஸ் முடிக்கும்போது பேண்ட் சைஸ் மாறிப் போயிருக்கும். இவர்களுக்கு டூட்டி ஒரேயடியாக 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1992-லேயே மத்திய அரசு விதி வகுத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று கேட்க வேண்டிய நிலைமை. 48 காகிதத்திலேயே நின்றுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஒரு டாக்டரை நம்பலாமா என்று எடைபோட உங்களுக்கு ஏதாவது பழக்கம் வேண்டுமென்றால், ஒரு நர்ஸாகச் சொல்கிறேன், அவர் கையைப் பாருங்கள். உங்களைத் தொடுவதற்கு முன்னால் கழுவினாரா? 1847-இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் போகும் டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தபோது, ஏப்ரலில் 100-க்கு 18 தாய்மார் என்றிருந்த சாவு ஜூனில் 2-ஆகக் குறைந்தது. கழுவவில்லையென்றால் மரியாதையாகக் கேளுங்கள், "சார், கை கழுவிட்டுப் பாருங்களேன்" என்று. கேட்கலாம், தப்பே இல்லை.

எடை விஷயத்துக்கும் அதே மாதிரிதான். "டாக்டர், நீங்க இந்த டூட்டியில வாக்கிங்குக்கு எப்படி நேரம் ஒதுக்குறீங்க?" என்று குத்தலாக இல்லாமல் நிஜமாகவே கேளுங்கள். "முடியலைங்க" என்று சொன்னாலும் சரி, அதற்கப்புறம் நீங்கள் இருவரும் பேசுகிற பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

இன்னொன்று, இளம் டாக்டர்களின் டூட்டி நேரத்தை விதிப்படி வைக்கச் சொல்லி, நம் சங்கத்தின் பெயரில் சுகாதாரத் துறைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். தாள் வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. போன தடவை கைதட்டியவர்கள் எல்லாரும் போகும்போது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.